பனவடலிசத்திரத்து மைனியின் முழங்கால்

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் பஸ்ஸில் தேவர்குளம் தாண்டினால் கரிசல் காடும் காற்றாலைகளும்தான். ஆடிக்காற்றுக்கு அவை சுற்றுகிற சுற்றைப் பார்த்தாலே நமக்குத் தலை சுற்றும். அந்த வழியில்தான் பனவடலிசத்திரம். பேரில் சத்திரம் இருக்கிறது. எனக்கு அங்கே சத்திரம் என் அண்ணன் வீடு.

போன வருஷம் ஆடித்தபசுக்குப் போனபோது மைனி வாசலுக்கு வரவில்லை. "முட்டு மடக்க முடியல தாயி, உள்ள வா" என்று குரல் மட்டும் வந்தது. முப்பது வருஷம் தரையில் உட்கார்ந்து, மடியில் சுளவை வைத்துப் பீடி சுற்றியவர். வயசு ஐம்பத்தாறு. வலிக்குப் பயந்து ஆறு மாசமாக நடையையே நிறுத்திவிட்டார். வலி குறைந்ததா? அதுவும் கூடி, எடையும் கூடியதுதான் மிச்சம். கடையில் தானாக வாங்கிப் போட்ட மாத்திரைகளால் வயிறும் புண்.

அவர் கவலையோ வேறு. மகளுக்குக் குழந்தை பிறந்தால் சங்கரன்கோவிலில் 108 ஆடிச்சுற்று சுற்றுவதாக நேர்ந்திருந்தார். பேரன் பிறந்து வருஷமும் ஆகிவிட்டது. சிவனையும் திருமாலையும் ஒன்றாகக் காண கோமதி அம்மன் ஒற்றைக் காலில் தவம் நின்ற தலமல்லவா? சுற்றுகிறவர்கள் அம்மனின் கால்வலியைத் தாங்கள் வாங்கிக்கொள்வதாக ஐதீகம். "அவ வலிய நான் வாங்கணும். என் வலிய யார்ட்ட குடுக்க?" என்றார் மைனி. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

நல்லவேளை, கொடியேற்றத்துக்கு இரண்டு மாசம் முன்பே டாக்டரிடம் காட்டியிருந்தார்கள். மூட்டெலும்புகளின் முனையில் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறதாம். மாதவிலக்கு நின்ற பிறகு நம்மில் பலருக்கு வருவதுதான். பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண், "நடந்தா தேயும்னு நினைக்காதீங்கம்மா. தொடைச்சதை வலுவா இருந்தாத்தான் முட்டுக்குப் பாரம் குறையும்" என்றாளாம். (2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் படுத்த படுக்கையானவர்களுக்கு இந்தப் பயிற்சியை வீட்டுக்கே வந்து தருகிறார்கள்.)

பயிற்சி சுலபம். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை நிறுத்தி, மெதுவாக இறக்க வேண்டும். காலுக்குப் பத்துத் தடவை, தினம் இரண்டு வேளை. பீடி சுற்றுவதும் இப்போது நாற்காலியில்தான். எடையில் ஒரு கிலோ இறங்கினால், நடக்கும்போது முட்டுக்கு ஒவ்வொரு அடியிலும் நாலு கிலோ பாரம் குறையுமாம். நான் உடனே என் இடுப்பைப் பார்த்துக்கொண்டேன்! ஆனால் முட்டு சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ, கால் பூட்டிக்கொண்டாலோ எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. டாக்டரிடம் ஓட வேண்டும்.

"108 சுற்றலாமா?" என்று கேட்டதற்கு டாக்டர் திட்டவில்லை. "ஒரே நாள்ல வேண்டாம். மறுநாள் காலைல வலி கூடியிருந்தா அன்னைக்குக் குறைச்சுக்கோங்க" என்றாராம்.

பன்னிரண்டு நாள் திருவிழா. நாளுக்கு ஒன்பது என்று மைனி கணக்குப் போட்டார். முந்தியில் 108 புளியமுத்து. ஒரு சுற்று முடிந்தால் ஒன்றை என் கையில் தருவார். மூன்று முடிந்தால் தூணோரம் உட்காருவார். நாலாம் நாள் வலி கூட, ஐந்தோடு நிறுத்தச் சொன்னேன். முறைத்தார், நிறுத்தினார்.

நான் ஊருக்கு பஸ் ஏறும்போது முந்தியில் இன்னும் நாற்பது முத்து இருந்தது. "மிச்சம் அடுத்த ஆடிக்கு ஆனாலும் அம்மன் கோவிச்சுக்க மாட்டா" என்று, என்னை வழியனுப்ப ஸ்டாப் வரை நடந்தே வந்தார் மைனி.