ஓக் மரமும் ஊர் மக்களும்

மரங்களுக்கு அரசியல் உண்டா என்று கேட்டால் நகைப்போர் பலர். வேரும் இலையும் பூவும் இயற்கையின்பாற்பட்டவை. வரியும் சட்டமும் மனிதரின்பாற்பட்டவை. இரண்டையும் கலத்தல் தகாது என்பது அவர்தம் கொள்கை. எமது வகுப்பறைகளிலும் தாவரவியல் ஒரு மணியில், சரித்திரம் மறு மணியில் என்றே கற்பிக்கப்படுகின்றன. இமயத்தின் கார்வால், குமாவோன் மலைகளை அறிந்தோர்க்கு இப்பிரிவினை எத்துணைப் பொய்யானது என்பது விளங்கும்.

இன்று உத்தரகாண்ட் மாநிலத்துள் அடங்கும் அம்மலைகளில் ஏறுபவர், குறுகிய தூரத்திலேயே பல தேசங்களின் காடுகளைக் கடந்தவர் போலாவார். அடிவாரத்திலே சால் மரங்கள். ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்திலிருந்து ‘சிர்’ எனப்படும் பைன். 1,500 மீற்றரைக் கடந்ததும் ‘பாஞ்ச்’ எனப்படும் ஓக். அதனூடே செந்நிறப் பூங்கொத்துகளைத் தாங்கிய ‘புராஞ்ச்’. அதற்கும் மேலே தேவதாரு. பின்னர், முன்னோர் தம் ஏடுகளுக்குப் பட்டை உரித்த பூர்ஜ மரம். ஏறத்தாழ 3,500 மீற்றருக்கு மேல் மரமற்ற புல்வெளி. இவற்றுள் புராஞ்ச் எமக்கு அந்நியமானதன்று. அதே இனத்தின் கிளைகள் நீலகிரியிலும் எமது ஹோட்டன் சமவெளியிலும் பூக்கின்றன.

இவ்வாறு அடுக்கிச் சொல்வதோடு பாடநூலின் கடமை முடிந்துவிடுகின்றது. மக்களின் வாழ்க்கையோ அங்கேதான் ஆரம்பமாகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில் நாம் அம்மலைகளிலே சில நாட்கள் தங்கியிருந்தோம். விடியுமுன்னே அரிவாளும் கயிறுமாகப் புறப்பட்ட பெண்கள், வெயில் ஏறியபின் ஓக் இலைக் கட்டுகளைச் சுமந்து திரும்புவதைக் கண்டோம். அவருள் முதிய தாயொருத்தி சுமையை இறக்கி இளைப்பாறுகையில், எம்முடன் வந்த உள்ளூர் ஆசிரியர் மூலம் அவருடன் உரையாடினோம். ஓக் இலையை மாடு உண்ணும். எஞ்சியது தொழுவத்திற்குப் படுக்கையாகும். சாணத்துடன் மக்கி வயலுக்குப் பசளையாகும். காய்ந்த கிளை அடுப்பெரிக்கும். ஓக் காட்டின் கீழுள்ள ஊற்றுக் கோடையிலும் வற்றாது என்றார் அவர். பைன் ஊசியிலையை எந்த மாடும் தீண்டாது என்றும் சொன்னார். யாழ்ப்பாணத்து விவசாயி பூவரசங்குழையை வெட்டி வயலிலே தாழ்ப்பதை நாம் எடுத்துரைத்தபோது, அந்த முகம் மலர்ந்தது. மொழி வேறாயினும் மண்ணை ஊட்டி வளர்ப்போரின் அறிவு ஒன்றாகவே இருந்தது.

அத்தாய் கூறியதற்கு விஞ்ஞானமும் முரணன்று. ஓக் இலை மெல்ல மக்கி நிலத்தின்மேல் பஞ்சுபோன்ற படையாகின்றது. மழைநீர் வழிந்தோடாமல் உள்ளே இறங்குகின்றது. பைன் ஊசியிலையோ பிசின் செறிந்தது. கோடையிலே அது உதிர்ந்து காய்ந்து கிடக்கையில் ஒரு தீப்பொறி போதும். தடித்த பட்டை காரணமாக வளர்ந்த பைன் தீயைத் தாங்கி நிற்கும். இளம் ஓக் கன்றுகளோ கருகும். எரிந்த வெளியிலே பைன் விதை மீண்டும் எளிதில் முளைக்கும்.

எனினும் இப்போட்டியில் மரங்கள் மாத்திரம் பங்கேற்கவில்லை. பிரித்தானிய ஆட்சி 1864இல் காட்டிலாகாவை நிறுவியது. புகையிரதப் பாதைக்குச் சிலிப்பர் கட்டைகளாகத் தேவதாரு சரிந்தது. 1878ஆம் ஆண்டுச் சட்டம், தலைமுறை தலைமுறையாக ஊரார் பயன்படுத்திய காட்டை அரசின் உடைமையாக்க வழிசெய்தது. பைன் மரத்தின் பிசினிலிருந்து கற்பூரத்தைலம் வடிக்கலாம். ஆதலால் அது வருமானம் தரும் மரம். ஓக் மரமோ விறகுக்கும் கரிக்கும் மேல் பெறுமதியற்றது. திறைசேரியின் கணக்குப் புத்தகத்திலே மாட்டுத் தீனிக்கும் ஊற்று நீருக்கும் பத்தி எதுவும் இருக்கவில்லை!

குமாவோனிலே 1911க்கும் 1917க்கும் இடையில் பரந்த காடுகள் ஒதுக்கக் காடுகளாயின. 1921இல் மக்கள் கொதித்தெழுந்து காடுகளுக்குத் தீயிட்டனர். அத்தீ பெரும்பாலும் பைன் காடுகளையே எரித்தது. ஊருக்கு உயிரளித்த ஓக் காடுகள் பெரும்பாலும் தப்பின. அறியாமையின் வெறியென ஆட்சியாளர் கருதிய செயலிலே எவ்வளவு தெளிவு! அதன் விளைவாக 1931இல் ஊர்க் காடுகளைப் பராமரிக்கும் வனப் பஞ்சாயத்துகளுக்கு விதிகள் இயற்றப்பட்டன.

வெள்ளையர் சென்றபின்னும் கணக்குப் புத்தகம் மாறவில்லை. 1973இல், ஏருக்கும் நுகத்தடிக்கும் உதவும் ‘அங்கூ’ மரத்தை விவசாயிகளுக்கு மறுத்த இலாகா, அதனை விளையாட்டுப் பொருட் கொம்பனியொன்றுக்கு வழங்கியது. மண்டல் கிராமத்தில் எதிர்ப்பு மூண்டது. 1974 மார்ச் 26இல் ரேணி கிராமத்திலே, ஆண்கள் ஊரில் இல்லாத வேளையில், கௌரா தேவி தலைமையில் பெண்கள் திரண்டு மரம் வெட்ட வந்தோரைத் திருப்பியனுப்பினர். ‘சிப்கோ’ என உலகம் அறிந்த இயக்கம் இதுவே. 1981இல் 1,000 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் பச்சை மரங்களை வணிகத்திற்காக வெட்டுவது தடைசெய்யப்பட்டது.

வெற்றி என்று இங்கே முற்றுப்புள்ளி வைத்தல் இலகு. ஆயின், கோடரியைத் தடுத்த சட்டம் காட்டை ஊராரிடம் திருப்பிக் கொடுத்துவிடவில்லை. வேலை தேடி இளைஞர் சமவெளி நகரங்களுக்குச் செல்கின்றனர். மேல் மலைகளில் ஆளற்ற வீடுகள் பல. 2016இலும் 2024இலும் அம்மலைகளில் பெருந்தீ பரவியது. பைன் மரத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோரும் உளர். அம்மரமும் அம்மலையின் பிள்ளையே. வறண்ட சரிவிலே வேரூன்றி நிற்கும் ஆற்றல் அதற்குண்டு. மக்களின் தேவையை ஒதுக்கிவிட்டு ஒரு மரத்தை மட்டும் போற்றிய முறையே குற்றமானது.

இவ்விடயம் எமக்கும் உரியது. எமது மலைநாட்டின் சரிவுகளிலே, தேயிலை கைவிடப்பட்ட நிலங்களிலும் பற்றனைப் புல்வெளிகளிலும், கரிபியன் பைன் வரிசை வரிசையாக நடப்பட்டது. அதன் நிழலிலே அந்தப் பாடநூல் பட்டியலைத் திறந்து வைத்து, சில வினாக்களை மாணவர்முன் வைக்கலாம்: இதை நட்டவர் யார்? இதன் பிசின் யாருக்கு வருமானமாகின்றது? விறகு பொறுக்க வரும் தோட்டத் தொழிலாளப் பெண்ணுக்கு இங்கே என்ன உரிமை? கீழேயுள்ள பீலிக்கு நீர் எங்கிருந்து வருகின்றது?

இவ்வினாக்களுக்கு விடை தேடி மாணவர் அப்பெண்களிடமே செல்லட்டும். தாவரவியலும் சரித்திரமும் ஒரே மணியிற் கற்பிக்கப்படும் வகுப்பறை அவ்விடத்தே உருவாகும்.