ஒரு வார விடுமுறையில்

வேலையின் பொருட்டு வெளியூர் சென்ற பிள்ளை ஒரு வார விடுமுறையில் நாஞ்சில் நாடு திரும்பினால் எங்கே அழைத்துச் செல்வது? குமரிமுனையில் 2024 டிசம்பர் 30-ஆம் நாள் திறக்கப்பெற்ற, 77 மீட்டர் நீளமுள்ள கண்ணாடிப் பாலத்தை அவனே தேடிச் சென்று கண்டுவிடுவான். பெற்றோர்களே, பறளியாற்றின் மேல் 115 அடி உயரத்தில் குன்றுக்குக் குன்று நீரைக் கடத்தும் மாத்தூர்த் தொட்டிப்பாலத்தை நீங்கள் காட்டுங்கள். ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலைக்கு அழைத்துச் சென்று, 1752-இல் அங்கே உயிர் ஈந்த புனித தேவசகாயத்தின் வரலாற்றைச் சொல்லுங்கள். வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் பரிமாறும்போது, 2017-ஆம் ஆண்டு ஒக்கிப் புயலில் கரை திரும்பாத நம் மீனவரையும் நினைவூட்டுங்கள். அந்த மீன் எத்தனை இடர்களைக் கடந்து கரை சேர்ந்தது என்பதை அறிந்து உண்பவன், எங்கே வாழ்ந்தாலும் தன் ஊரை மறவான்.