வளாகத்துக்குள் போன நடைபாதை

தில்லி தரியாகஞ்ச் பழைய புத்தகச் சந்தை இடம் மாறி ஆண்டுகள் ஆகிவிட்டன. தேடுகிறவர்கள் மாறவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணி. தில்லி ஆசஃப் அலி சாலையில் பெரும்பாலான கடைகளுக்குப் பூட்டு. மகிளா ஹாட் என்ற திறந்தவெளி வளாகத்தின் வாசலில் மட்டும் பரபரப்பு. சைக்கிள் ரிக்ஷாக்களிலிருந்து மூட்டைகள் இறங்குகின்றன. தரையில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, கயிற்றை அறுத்து, புத்தகங்களைக் கொட்டுகிறார்கள். கடை விரித்து முடியும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாத சிலர் அதற்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குவியலைத் துழாவத் தொடங்கிவிட்டார்கள். இவர்களுக்கு வியாபாரியின் வணக்கமும் தேவையில்லை, தேநீரும் தேவையில்லை. பத்து மணிக்குள் வந்தால்தான் நல்ல சரக்கு கண்ணில் படும் என்பது இந்தப் பொழுதுபோக்கின் முதல் பாடம்.

பட்ரி என்றால் இந்தியில் நடைபாதை. தில்லிக்காரர்களுக்கு இன்றும் இது பட்ரி கிதாப் பஜார்தான், 2019க்குப் பிறகு நடைபாதை என்று எதுவும் இல்லாவிட்டாலும். அதற்கு முன்பு தில்லி கேட் அருகிலிருந்து நேதாஜி சுபாஷ் மார்க் நெடுகிலும் ஆசஃப் அலி சாலையின் ஓரத்திலும் ஞாயிறுதோறும் புத்தகங்கள் கிடக்கும். 1964ல் தொடங்கியதாகப் பொதுவாகச் சொல்லப்படும் சந்தை அது. வாரம் முழுவதும் திறந்திருக்கும் கடைகள் ஞாயிறன்று மூடுவதால் அவற்றின் வாசல்படிகளும் இரும்புக் கதவுகளும் அன்றைக்கு மட்டும் புத்தக அலமாரிகளாகிவிடும். யாரும் திட்டம் போடவில்லை, நிதி ஒதுக்கவில்லை, திறப்புவிழா நடத்தவில்லை. தலைநகரின் மிகப் பெரிய பழைய புத்தகச் சந்தை இப்படித்தான் வளர்ந்தது.

இடமும் பொருத்தமானதுதான். ஷாஜஹான் கட்டிய மதில் நகரத்தின் தென்கிழக்கு மூலை தரியாகஞ்ச். தரியா என்றால் நதி. யமுனை ஒரு காலத்தில் அருகிலேயே ஓடியதால் வந்த பெயர். இங்குள்ள அன்சாரி சாலையில் இந்தி, ஆங்கிலப் பதிப்பாளர்களின் பெயர்ப் பலகைகள் வரிசையாகத் தொங்கும். சாலைக்குப் பெயர் கொடுத்தவர் டாக்டர் எம்.ஏ. அன்சாரி. 1927ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். 1931ல் இர்வினுடன் பேச்சு நடத்த தில்லி வந்த காந்தி தங்கியது தரியாகஞ்சில் இருந்த அவருடைய வீட்டில்தான். புதுப் புத்தகம் அச்சாகி மொத்தமாக விலைபோகும் தெருவும் அது பழசாகி விலைபோகும் தெருவும் கூப்பிடு தூரத்தில் இருப்பது இந்தியாவில் அபூர்வம். கல்கத்தாவின் கல்லூரித் தெரு இன்னொன்று.

இத்தனை புத்தகங்கள் எங்கிருந்து வருகின்றன? வீட்டைக் காலி செய்கிறவர்கள், மாற்றலாகிப் போகும் அரசு அதிகாரிகள், அப்பாவின் நூலகத்தை என்ன செய்வதென்று தெரியாத பிள்ளைகள் ஆகியோர் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடுகிறார்கள். அவரிடமிருந்து பொறுக்கியெடுத்தவை ஒரு வழி. கல்லூரி நூலகங்கள் கழித்துக்கட்டியவை இன்னொரு வழி. பதிப்பாளரின் கிடங்கில் விற்காமல் தேங்கியவை மூன்றாவது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விலைபோகாமல் எடைக்கு வாங்கப்பட்டு, கன்டெய்னர்களில் கப்பலேறி வருபவையும் உண்டு. எங்கோ ஒரு ஆங்கிலேய நகரத்தின் பொது நூலக முத்திரையோடு ஒரு நாவல் தரியாகஞ்சில் கிடைப்பது இப்படித்தான். எடைக்கு வந்தது எடைக்கே போகிறது. சில கடைகளில் தராசு வைத்து கிலோ கணக்கில் விற்கிறார்கள். கவிதைத் தொகுப்பு மலிவு, அகராதி விலை அதிகம் என்ற இந்தக் கணக்கில் கவிஞர்கள் வருத்தப்பட ஏதுமில்லை. வழக்கமான புத்தகக் கடையிலும் அதே நிலைமைதான்.

சந்தையின் அரிசி பருப்பு என்னவோ தேர்வுப் புத்தகங்கள். பள்ளிப் பாடநூல்கள், மருத்துவ நுழைவுத் தேர்வு வழிகாட்டிகள், சிவில் சர்வீஸ் தயாரிப்பு நூல்கள். கரோல் பாக், ராஜேந்தர் நகர் பகுதிகளில் அறை எடுத்து ஐ.ஏ.எஸ். கனவோடு படிக்கும் இளைஞர்களுக்கு, அவர்களில் தமிழ் இளைஞர்கள் கணிசம், இது பணத்தை மிச்சம் பிடிக்கும் இடம். சென்ற ஆண்டு தேர்வெழுதியவர் கோடிட்ட வரிகளோடு இந்த ஆண்டுக்காரர் வாங்குகிறார். கோடிட்டவர் தேறினாரா என்பது மட்டும் தெரியாது. இலக்கியம், கலை, வரலாறு என்று இந்தச் சந்தையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் தேர்வுப் புத்தகங்களைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் ஒரு வியாபாரியின் அடுப்பு எரிவது பெரும்பாலும் அவற்றால்தான்.

பொழுதுபோக்குக்காரர்கள் வேறு ஜாதி. ஆண்டுக்கணக்கில் ஒரே பொருளைத் தேடுகிறவர்கள். ஒருவருக்கு ஆரஞ்சு அட்டை பெங்குவின், இன்னொருவருக்கு நீல அட்டை பெலிகன். 1964 முதல் 1990 வரை வந்த இந்திரஜால் காமிக்ஸுக்காக மட்டுமே வருகிறவர்கள் உண்டு. ராணி காமிக்ஸ் படித்த தமிழர்களுக்கு முகமூடி வீரர் மாயாவியாகத் தெரிந்த ஃபாண்டம்தான் அதன் நாயகர். அன்றைக்குக் காசுகளுக்கு விற்ற இதழுக்கு இன்று சேகரிப்பாளர்கள் நூற்றுக்கணக்கில் தருகிறார்கள். விஷயம் வியாபாரிகளுக்கும் தெரிந்துவிட்டது. 1993ல் நின்றுபோன 'இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி'யின் பழைய இதழ்களுக்கும் தனி ரசிகர்கள்.

சோவியத் புத்தகங்கள் தனி அத்தியாயம். மாஸ்கோவின் மீர் பதிப்பகம் வெளியிட்ட இரோடோவின் இயற்பியல் கணக்குகள், பெரல்மானின் விளையாட்டு அறிவியல் ஆகியவை இங்கே இன்னும் தலைகாட்டுகின்றன. தமிழ்நாட்டில் நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் கண்காட்சிகளில் கெட்டி அட்டையும் வழவழப்பான படங்களுமாகச் சில ரூபாய்க்குக் கிடைத்த ரஷ்யக் குழந்தைக் கதைகளை மறக்காத தலைமுறை ஒன்று இருக்கிறது. சோவியத் யூனியன் 1991ல் கலைந்தது. அந்தக் காகிதம் மட்டும் இன்னும் மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது. அந்த வாசனைக்காகவே புத்தகத்தை முகர்ந்து பார்த்து வாங்குகிறவர்களை இங்கே பார்க்கலாம்.

ஆனால் பழகிய கைகள் அட்டையைவிட உள்பக்கத்தைத்தான் முதலில் திறக்கும். முதல் பக்கத்தில் யாரோ யாருக்கோ எழுதிய பிறந்தநாள் வாழ்த்து. மணப்பரிசாகத் தந்த நூல், பக்கங்கள் பிரிக்கப்படாமலே. நூலகச் சீட்டில் கடைசியாக இரவல் போன தேதி. அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை என்பதற்கான சாட்சி. பஸ் டிக்கெட், அரசமர இலை, மளிகைப் பட்டியல், அனுப்பாமல் விட்ட இன்லேண்ட் கடிதம். சிலர் புத்தகத்தை விட்டுவிட்டு இந்த இடைச்செருகல்களையே சேகரிக்கிறார்கள். ஆசிரியர் கையெழுத்திட்டு 'அன்புடன்' என்று நண்பருக்குக் கொடுத்த பிரதி கிடைத்தால் அன்றைய ஞாயிறு தீர்ந்தது. அந்த நண்பர் அதை எடைக்குப் போட்டாரே என்று ஆசிரியருக்காக ஒரு நொடி இரக்கப்பட்டுவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டியதுதான்.

பேரத்துக்கும் இலக்கணம் உண்டு. தேடிய புத்தகம் கிடைத்துவிட்டதென்று முகம் காட்டக் கூடாது. வேண்டாத இரண்டைக் கையில் எடுத்து அவற்றின் நடுவே வேண்டியதைச் செருகி, மூன்றுக்கும் சேர்த்து விலை கேட்பது பழைய தந்திரம். வியாபாரிகளும் அந்தத் தந்திரத்துக்குப் பழகியவர்கள்தான். ஆங்கிலம் சரளமாகப் படிக்காதவர்கள்கூட அட்டையையும் பதிப்பகச் சின்னத்தையும் வைத்தே எது அரிது என்று சொல்லிவிடுவார்கள். தெரியாததை வாங்குபவரின் கண்ணில் படித்துக்கொள்வார்கள். 'பச்சாஸ், பச்சாஸ்' என்று கூவி விற்கும் குவியலில் எல்லாமே ஐம்பது ரூபாய். அங்கே பேரம் கிடையாது. அந்தக் குவியல்களில் பளபளக்கும் புதிய நாவல்களில் பல திருட்டுப் பதிப்புகள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மங்கிய அச்சு, கோணலான ஓரம். பழைய புத்தகத்தின் மீதுள்ள காதல் இதையெல்லாம் மன்னித்துவிடுகிறது. எழுத்தாளர்கள் மன்னிப்பார்களா என்பது வேறு.

2019 ஜூலையில் இதெல்லாம் ஒரேயடியாக நின்றது. நேதாஜி சுபாஷ் மார்க்கின் போக்குவரத்து நெரிசல் விவகாரம் தில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனது. அந்தச் சாலையில் கடை போடக் கூடாது என்று உத்தரவானது. வியாபாரிகளில் பலர் இரண்டாவது தலைமுறை. வாரத்தின் மற்ற நாட்களில் சரக்கு தேடி அலைந்து, ஞாயிறு ஒரு நாள் விற்றுப் பிழைத்தவர்கள். ஞாயிறு போனால் வாரமே போயிற்று.

இதில் ஒரு சட்டச் சிக்கலும் இருக்கிறது. தெரு வியாபாரிகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டம், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வியாபாரம் நடந்துவரும் இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும், அங்கிருந்து வியாபாரிகளை இடம் மாற்றக் கூடாது என்கிறது. 1964 என்று கணக்கு வைத்தால் 2014லேயே அரை நூற்றாண்டு முடிந்துவிட்டது. ஆனால் நடைபாதையில் பிறந்த ஒரு சந்தை தன் பிறந்த தேதிக்கு எந்தச் சான்றிதழை நீட்டும்? எந்த அலுவலகம் அதைப் பதிவு செய்துவைத்திருந்தது? பாரம்பரியம் என்றால் கோட்டையும் கோபுரமும் என்றே பழகிய நாட்டில், தரையில் விரித்த பிளாஸ்டிக் தாளையும் அந்தப் பட்டியலில் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது என்பது பலருக்குச் செய்தியாகவே இருக்கும்.

வியாபாரிகள் போராடினார்கள், மாநகராட்சியோடு பேசினார்கள். 2019 செப்டம்பரில் சந்தை மகிளா ஹாட்டுக்கு வந்தது. பெண் தொழில்முனைவோருக்காகக் கட்டப்பட்டு, பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடந்த வளாகம் அது. ஏறக்குறைய ஆறு மாதத்தில், 2020ல் கொரோனா ஊரடங்கு. இடம் கொடுத்த வடக்கு தில்லி மாநகராட்சியே 2022ல் மற்ற இரண்டு மாநகராட்சிகளுடன் இணைக்கப்பட்டு மறைந்துவிட்டது. சந்தை தப்பிப் பிழைத்தது.

புதிய இடத்தில் லாபமும் உண்டு. வண்டி இடிக்காது, போலீஸ் விரட்டாது. குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நிதானமாக நடக்கலாம். 2017ல் வந்த தில்லி கேட் மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். முன்பு சுதந்திர தினம், குடியரசு தினம் நெருங்கினால் செங்கோட்டைப் பாதுகாப்பைக் காரணம் காட்டிச் சந்தையை மூடிவிடுவார்கள். ஆண்டுதோறும் சில ஞாயிறுகள் அப்படிப் போகும்.

போனது வேறு. ஜும்மா மசூதிக்குப் போகிறவர், சினிமாவுக்கு வந்தவர், பஸ்ஸைத் தவறவிட்டவர் என்று புத்தகம் வாங்கும் எண்ணமே இல்லாதவர்களின் காலில் புத்தகம் இடறியது நடைபாதையில். அவர்கள் குனிந்தார்கள். சிலர் வாங்கினார்கள். வளாகத்துக்குள் வருகிறவர்கள் புத்தகம் வாங்கத் தீர்மானித்து வருகிறவர்கள். இந்தச் சந்தையையே ஆய்வுப் பொருளாக்கி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதியிருக்கும் ஆய்வாளர் கனுப்ரியா திங்ராவும் தற்செயலாகக் கிடைப்பதன் இன்பத்தை இதன் முக்கியக் குணமாகக் காண்கிறார். சாலைக்கும் புத்தகத்துக்கும் நடுவே ஒரு வாசல் வந்தால் தற்செயலின் பங்கு அந்த அளவுக்குக் குறையத்தான் செய்யும்.

சென்னைவாசிகளுக்கு இது தெரிந்த கதை. மூர் மார்க்கெட் 1985ல் எரிந்தது. பழைய புத்தகக்காரர்களில் பலர் பக்கத்திலேயே அல்லிக்குளத்தில் கட்டிய வளாகத்துக்குப் போனார்கள். புத்தகங்கள் அங்கேயும் கிடைத்தன. ஆனால் சென்ட்ரலில் ரயிலுக்குக் காத்திருந்த நேரத்தில் நுழைந்து வெளியே வரும் கூட்டம் கூடவே வரவில்லை. மும்பை ஃப்ளோரா பவுண்டன் நடைபாதையில் பாதிக்கு மேல் காணாமல் போனது. அவற்றோடு ஒப்பிட்டால் தரியாகஞ்ச் அதிர்ஷ்டசாலி: அநேகமாக முழுதாக, பழைய இடத்திலிருந்து கல்லெறி தூரத்தில் இருக்கிறது.

மழைதான் இன்னும் எதிரி. வானம் இருட்டினால் விரிப்பின் நான்கு முனைகளையும் ஒரே இழுப்பில் மடித்து மூட்டையாக்கும் வித்தையை ஒவ்வொரு கடைப் பையனும் கற்று வைத்திருக்கிறான். மழையில்லாத நாட்களில் மாலை ஐந்துக்கு மேல் விலை இறங்க ஆரம்பிக்கும். காலையில் நூறு சொன்ன புத்தகம் நாற்பதுக்கு வரும். மறுபடி கட்டித் தூக்குவதைவிட விற்றுவிடுவது மேல். பேரத்தில் கெட்டிக்காரர்கள் அந்த நேரத்துக்குக் காத்திருப்பார்கள். காலையில் பார்த்துவைத்த புத்தகம் அதுவரை அங்கேயே இருந்தால்.