தூண்டில், தோணி, தெல்தெனிய

இம்மலருக்குக் கட்டுரை ஒன்று தரும்படி இதழாசிரியர் கேட்டபோது, தூண்டில் போடுவதைப் பற்றி எழுதலாமா என்று வினவினேன். அவர் சிறிது நேரம் என்னை உற்றுநோக்கிவிட்டு, "சங்க இலக்கியத்தில் தூண்டிலா?" என்றார். இல்லை, மெய்யான தூண்டில்தான் என்றேன். நகைத்தாரேனும் மறுத்தாரில்லை.

கலைப்பீட மாணவன் ஒருவனுக்கு மீன் என்பது பெரும்பாலும் உவமையாகவே அறிமுகமாகின்றது. கயல் என்றால் கண். அதற்குமேல் அந்த மீன் என்ன தின்னும், எங்கே படுக்கும் என்று எவரும் கேட்பதில்லை. முதலாம் ஆண்டில் அகநானூற்றின் 36ஆம் பாடலைப் படித்தேன். அதில் ஒரு வரால், தூண்டில் முள்ளை இரையோடு விழுங்கிவிட்டு, ஆம்பல் இலைகள் கிழியப் பாய்ந்து, கயிறிட்ட எருதுபோலக் குளத்தைக் கலக்குகின்றது. மருதத்திணைக் கருப்பொருள் என்று குறிப்பேட்டில் எழுதி, அடியில் கோடும் கீறிக்கொண்டேன். அந்த வரால், நாம் விரால் என்றும் சிங்கள மக்கள் லூலா என்றும் வழங்கும் மீனே என்பதும், பாடிய புலவர் அதனைக் கண்ணாரக் கண்டிருத்தல் வேண்டும் என்பதும், பின்னொரு நாள் என் நூலில் ஒரு விரால் சிக்கிய வேளையிலேதான் எனக்கு உறைத்தன.

என் ஆசை ஒரு நூலிலிருந்து தொடங்கியது. பழைய புத்தகக் கடை ஒன்றில் மலிவாகக் கிடைத்த அமெரிக்கத் தூண்டில் நூல் அது. முழுவதும் 'பாஸ்' என்னும் மீனைப் பற்றியது. அம்மீன் நமது நாட்டுக்கு உரியதன்று. ஆயினும் அதன் குணம் நமது விராலின் குணத்தை ஒத்தது. மறைவிடத்தில் அசையாது கிடக்கும். இரை அருகே வந்ததும் ஒரே பாய்ச்சலாகப் பாயும். 1932இல் ஜோர்ஜியா மாநிலத்தில் ஜோர்ஜ் பெரி என்பவர் பிடித்த 22 இறாத்தல் 4 அவுன்ஸ் எடையுள்ள பாஸ் மீனைப் பற்றி வியந்து வியந்து படித்தேன். அதை என் பெரிய மாமாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "தின்னானா?" தின்றார்கள் என்றேன். "அப்ப சரி" என்றார்.

மாமா அம்மாவின் மூத்த தமையன். அறுபதைக் கடந்தவர். பிறந்தது தோட்டத்து லயத்தில். பன்னிரண்டாம் வயதிலேயே பழைய தெல்தெனியக் கடைவீதியில் புடவைக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர். விக்டோறியா அணைக்காக 1984இல் நீரைத் தேக்கத் தொடங்கியபோது அந்த நகரமே நீருக்குள் போயிற்று. 122 மீற்றர் உயரமான அந்த அணை 1985 ஏப்பிரலில் திறந்துவைக்கப்பட்டது. கடை போயிற்று, வேலையும் போயிற்று. கடையை மூழ்கடித்த நீரிலேயே தோணி விட்டு மாமா மீன்பிடிக்கத் தொடங்கினார். 1990இல் நன்னீர் மீன்பிடிக்கான ஆதரவை அரசு விலக்கிக்கொண்டது. உயிர்க்கொலையை அரசு ஊக்குவித்தல் ஆகாது என்பது அன்றைய வாதம். 1994இல் ஆதரவு மீண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் குடும்பம் எப்படிப் பிழைத்தது என்பதை அத்தை இன்றும் விரிவாகச் சொல்வதில்லை.

கண்டியில் வாழ்வோருக்கு இக்கொலைப் பிரச்சினை புதியதன்று. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் அமைத்த கண்டி வாவியில் மீன்களைப் பிடிப்பாரில்லை. பொரி போட்டு வளர்ப்பார்கள். பேருந்துக்குக் காத்திருக்கும் வேளைகளில் கைப்பிடிச்சுவரில் சாய்ந்து அந்தக் கொழுத்த மீன்களைப் பார்த்திருக்கிறேன். என் பார்வையில் அன்பு மட்டுமே இருந்தது என்று சொல்லமாட்டேன்.

மகாபொலப் பணத்தில் இரண்டு மாதத் தவணையைச் சேர்த்து ஏழடி நீளமான தூண்டிற்கோலும் ரீலும் வாங்கினேன். அம்மாவுக்குப் புத்தகம் என்று சொன்னேன். முதன்முதல் அக்பர் பாலத்துக்குச் சற்றுக் கீழே மகாவலிக் கரையில் நின்று வீசினேன். ஈயம் ஆற்றுக்குப் போகாமல் மூங்கிற் புதருக்குப் போயிற்று. இரண்டாம் முறையும் அங்கேயே போயிற்று. பாலத்தின்மீது சென்ற பொறியியற்பீடத்து நண்பர்கள் சிலர் நின்று கைதட்டினார்கள். அந்த ஆறு மேலே அமைதியாகவும் அடியில் இழுப்பாகவும் ஓடுவது. வழுக்குப்பாறைகளில் நின்று வீசப் பழகுவது மதியீனம் என்பதை நல்லவேளையாக வெட்கமே எனக்குக் கற்பித்தது.

அதன்பின் விளையாட்டுத் திடலில், முள் இல்லாமல் ஈயக்குண்டை மட்டும் கட்டிப் பழகினேன். தொடங்குவோர் எவருக்கும் இதையே சொல்வேன். சுட்டுவிரல் நுனியால் நூலைப் பற்றிக்கொண்டு ரீலின் வளைகம்பியைத் திறக்க வேண்டும். கோலைத் தோளுக்கு மேலாகப் பின்னே கொண்டுசென்று, ஒரு கணம் நிறுத்தி, முன்னே கொண்டுவரும்போது விரலை விடுவிக்க வேண்டும். முந்தி விட்டால் குண்டு வானத்தை நோக்கிப் போகும்; பிந்தி விட்டால் காலடியில் விழும். வலிமைக்கு இங்கு வேலையில்லை. முழங்கையும் மணிக்கட்டும் போதும். கோல் தானே வளைந்து எறியும். சுருளில் நூலை விளிம்புவரை நிரப்பினால் சிக்கு விழும்; மிகக் குறைத்தால் தூரம் போகாது; ஒன்றிரண்டு மில்லிமீற்றர் குறைவாக விடுவது நன்று. முடிச்சை எச்சிலால் நனைத்த பின்பே இறுக்குதல் வேண்டும். உலர்ந்த தங்கூசி உராய்வின் சூட்டில் நலிந்துவிடும். திலாப்பியாவுக்குப் பத்து இறாத்தல் தாங்கும் தங்கூசியும் சிறிய முள்ளும் மண்புழுவும் போதும். பாசிக்கும் கொடிக்கும் நடுவே விராலைத் தேடுவோருக்கு முப்பது இறாத்தல் தாங்கும் பின்னல்நூல் தேவை. அதனினும் மெல்லியது அறும். றப்பர் தவளையை விரால் கௌவிய உடனே கோலை வெட்டியிழுப்பவன் வெறுந் தவளையையே பெறுவான். அது வாயை மூடித் திரும்பும்வரை ஓரிரு கணம் பொறுக்க வேண்டும். இந்தப் பொறுமை எனக்கு வர ஒரு பருவம் ஆயிற்று.

இவ்வளவு தேர்ச்சியோடும் விடுமுறையில் மாமாவிடம் போனேன். அவரிடம் கோல் இல்லை. ஒரு மரக்கட்டையில் சுற்றிய தங்கூசி, பழைய ஆணி போன்ற முள், ஓர் ஈயத்துண்டு, இவ்வளவே. என் ரீலைக் கையில் வாங்கிச் சுழற்றிப் பார்த்து, "நல்ல சாமான்" என்றார். நீர்த்தேக்கத்தின் நடுவே என்னை அழைத்துச்சென்று, வீசு என்றார். வீசினேன். அழகாகப் போய் விழுந்தது. ஒரு மணி நேரம் ஒன்றும் தொடவில்லை. அவர் தோணியை முப்பது முழம் நகர்த்தி, கட்டையிலிருந்து நூலை நேரே கீழே விட்டார். கால் மணிக்குள் நான்கு திலாப்பியா.

"மாப்பிள, தண்ணியப் பாத்துப் போடாத. அடியில என்ன இருக்குன்னு தெரிஞ்சு போடு."

அமெரிக்க நூலும் இதையேதான் ஓர் அத்தியாயம் முழுவதும் சொல்லியிருந்தது. செயற்கை நீர்த்தேக்கங்களில் மீன் எங்கும் பரந்து கிடப்பதில்லை. மூழ்கிய மரக்கட்டை, மதில், பழைய தெரு, ஆற்றின் பழைய கரை ஆகியவற்றை ஒட்டியே கிடக்கும் என்று அதில் படித்திருந்தேன். இவற்றைக் கண்டறிய அங்குள்ளோர் ஒலியலைக் கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள். மாமாவுக்குக் கருவி தேவைப்படவில்லை. அவர் அந்தத் தெருவில் நடந்தவர். நாங்கள் நின்ற இடத்துக்கு நேர்கீழே அவருடைய முதலாளியின் கடைச் சுவர் இருந்தது.

அவர் குறி வைக்கும் முறை எளியது. கிழக்கே ஹுன்னஸ்கிரிய மலையின் ஒரு முகடும் கரையோரத்து மரம் ஒன்றும் ஒரே கோட்டில் வரவேண்டும்; வடக்கே ஒரு பாறையும் அதன் பின்னாலுள்ள கட்டடத்தின் மூலையும் ஒரே கோட்டில் வரவேண்டும். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் கடைச் சுவர். இப்படிப் பதினொரு குறிகள் அவர் மனத்தில் இருந்தன. நிழல்வாகை மரம், பாலத்தடி, கிணற்றுக்கட்டு, பேருந்து நிற்கும் இடம். மின்னுற்பத்திக்கும் பாசனத்துக்கும் நீரைத் திறக்கும்போது மட்டம் இறங்கும். அப்போது எந்தக் குறியில் எத்தனை பாகம் ஆழம், மீன் எந்தக் குறியை விட்டு எந்தக் குறிக்குப் போகும் என்பதும் அவருக்குத் தெரியும். கடும் வறட்சியில் நீர் வெகுவாக வற்றும் ஆண்டுகளில் பழைய நகரின் இடிபாடுகள் வெளியே தெரியும். ஊரார் வேடிக்கை பார்க்க வருவார்கள். மாமா அந்நாட்களில் தொழிலுக்குப் போவதில்லை. சேற்றில் இறங்கி நடந்து, எது சாய்ந்தது, எது நிற்கிறது என்று பார்த்து வருவார்.

இனித் தோணி. நமது நீர்த்தேக்கங்களில் ஓடுவது பெரும்பாலும் சிங்களத்தில் 'ஒருவ' எனப்படும் ஒடுக்கமான கண்ணாடியிழைத் தோணி. ஒரு பக்கத்தில் மட்டும் மிதவைக்கட்டை பிணைத்திருக்கும். அக்கட்டை உள்ள பக்கம் சாய்ந்தால் அது தாங்கும். மறுபக்கம் சாய்ந்தால் கட்டை நீரைவிட்டு மேலே எழும். எழுந்த கட்டை மிதந்து தாங்காது. ஆகவே உட்கார்ந்தபடியே வீச வேண்டும், எழவே கூடாது. இதை மாமா எனக்கு மும்முறை சொல்லியிருந்தார். ஆடி மாதம், பிற்பகல், மேல்காற்று எழத் தொடங்கிய வேளை. தூரத்தில் ஒரு மீன் துள்ளியது. நான் எழுந்து நின்று, கட்டை இல்லாத பக்கமாகத் திரும்பி, என் வாழ்நாளின் மிகச் சிறந்த வீச்சை வீசினேன்.

தோணி கவிழ்ந்தது. மாமா எங்கே என்று தெரியாதிருந்த நேரம் ஒரு நிமிடம்கூட இராது என்று பின்னர் அவரே சொன்னார். எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. அவர் மறுபக்கம் தோணியின் அடிப்புறத்தைப் பற்றிக்கொண்டு இருந்தார். "கோலு போச்சா?" என்பதே அவர் முதற் கேள்வி. அவரோடு தொழில்செய்யும் சிங்கள நண்பர்கள் இருவர் வந்து எங்களை ஏற்றினார்கள். என் கோல் இன்று தெல்தெனியக் கடைவீதியில் எங்கோ கிடக்கிறது. மாமாவுக்கு நெஞ்சுச்சளி பிடித்து ஒரு கிழமை படுக்கையில் கிடந்தார். அத்தை என்னோடு பேசவில்லை. அதுவரை தோணியில் மிதப்பு அங்கி இருந்ததில்லை. இப்போது இரண்டு இருக்கின்றன. அணியாமல் கரையை விட்டு நகர்வதில்லை.

சளிக்கு மருந்தெடுக்கச் சென்ற இடத்தில்தான் மாமாவின் கண்களையும் பார்த்தார்கள். குளோக்கோமா என்றார்கள். இழந்த பார்வை மீளாது; எஞ்சியதைக் காக்க நாள்தோறும் சொட்டுமருந்து விடவேண்டும். நேரே பார்ப்பது தெரியும். ஓரங்கள் மெல்ல மெல்ல மறையும். மலைமுகட்டைக் காண்பார், அதே வேளையில் பக்கத்துப் பாறையைக் காணமாட்டார். சில மாதங்களாகக் குறி தவறிவந்ததன் காரணம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று. அவர் மரங்கள் வளர்ந்துவிட்டன என்று நினைத்திருந்தாராம்.

பதினொரு குறிகளையும் ஒரு கொப்பியில் எழுதித்தரும்படி கேட்டேன். அவர் உடனே இணங்கவில்லை. எழுத்தில் வந்தது எல்லோர் கைக்கும் போகும் என்பது அவர் அச்சம். 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண்ணுள்ள வலை சட்டத்துக்கு மாறானது; ஆயினும் இரவில் அதனை விரிப்போர் உண்டு. குஞ்சுகள் ஒதுங்கும் சுவர்களைச் சுற்றி அவ்வலையை இறக்கினால் ஒரே மாதத்தில் ஒன்றும் எஞ்சாது. மாமா, செந்நிறக் குஞ்சுத் திரளைக் காத்துநிற்கும் தாய் விராலை ஒருநாளும் பிடித்தவரல்லர். அவ்வேளையில் அதனைப் பிடிப்பது மிக எளிது என்று அறிந்திருந்தும் பிடித்தவரல்லர். கைபேசியில் இடத்தைக் குறித்துக்கொள்கிறேன், எவருக்கும் காட்டேன் என்றேன். "அது இடத்தச் சொல்லும். அடியில இருக்கிறதச் சொல்லுமா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

சென்ற விடுமுறையில் அவரே என்னை அழைத்தார். நான் துடுப்பைப் பிடித்தேன். அவர் முன்னே அமர்ந்தார். மலைமுகட்டையும் மரத்தையும் நான் பார்த்துச் சொல்ல, அவர் கட்டையிலிருந்து நூலை இறக்கினார். ஈயம் தரையைத் தொட்டதும் விரலிடையே நூலை வைத்துச் சற்று இழுத்துப் பார்த்தார். "சேறு" என்றார். "இன்னும் கெழக்கால போ." பத்து முழம் தள்ளினேன். மறுபடியும் இறக்கினார். "மண்ணு. தெரு ஓரம்." இன்னும் ஐந்து முழம். ஈயம் எதிலோ தட்டியதை நூல் துடித்ததால் நானும் கண்டேன். அவர் நூலை என் கையில் தந்தார். "கல்லு. தொட்டுப் பாரு, பாலத்தடி. இதுக்குப் பக்கத்துலதான் எங்க மொதலாளி வண்டி நிப்பாட்டுவாரு."

தட்டிப் பார்த்தேன். கல்தான். கொப்பியைத் திறந்து நான்காம் குறிக்கு நேரே ஏழரைப் பாகம் என்று எழுதினேன். எழுதுவதை அவர் தடுக்கவில்லை. அன்று மீன் ஒன்றும் படவில்லை. இன்னும் ஏழு குறிகள் இருந்தன.