முகம் பார்க்கும் வேலை

கடைக்களவு பிடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆள் சாமானை எடுப்பதைக் கண்ணால் காணவேண்டும், ஒளிப்பதையும் காணவேண்டும். அதன்பிறகு பார்வையை எடுக்கக்கூடாது. காசு கட்டும் இடத்தையும் வாசலையும் அவன் தாண்டிய பிறகுதான் மறிக்கலாம். நடுவில் ஒரு தூண் மறைத்தாலும் விட்டுவிடவேண்டியதுதான். சாமானை அவன் எங்காவது திருப்பி வைத்திருக்கலாம் அல்லவா? தெற்கு லண்டனில், குரோய்டனில், ஒரு பெரிய கடையில் இந்த வேலை பார்த்தேன். அதிகம் களவு போனவை சவர பிளேட், சீஸ், இறைச்சி, குழந்தைப் பால்மா. பால்மா ரின்னோடு ஒரு தாயை மறிக்கும்போது நெஞ்சு உறுத்தும். முகங்கள்தான் இந்த வேலையின் முதல். நாளடைவில் அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பாதிப்பேரை எனக்குத் தெரிந்துவிட்டது.

2011 ஓகஸ்ட் 4ஆம் திகதி, டொட்டன்ஹாமில் மார்க் டக்கன் என்ற கறுப்பின இளைஞரைப் பொலிஸ் சுட்டுக் கொன்றது. சனிக்கிழமை அங்கே மூண்ட கலவரம் திங்கட்கிழமை எங்கள் பக்கம் வந்தது. கடைகளை இணைக்கும் வோக்கியில் ஒவ்வொரு கடையாகச் சட்டர் இறக்குவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முகாமையாளர் எங்களைக் கூப்பிட்டு, ஒருவரையும் மறிக்கவேண்டாம், வேலையாட்களைப் பின்கதவால் வெளியேற்றுங்கள், சாமான் போனால் போகட்டும் என்றார். அது சரியான கட்டளை என்று இன்றும் சொல்வேன். காசு மேசையில் நின்ற பிள்ளைகளுக்குப் பத்தொன்பது, இருபது வயது. அவர்களைச் சாமான் இறக்கும் வாசலால் அனுப்பிவிட்டுக் கமரா அறைக்கு வந்தபோது சட்டர் உள்பக்கமாக வளைந்திருந்தது. முன்பு வாசலில் நான் மறித்த ஒரு பெடியன் திரையில் தெரிந்தான். முகத்தை மூடக்கூட இல்லை.

அன்றிரவு, 1867இல் தொடங்கிய ரீவ்ஸ் தளபாடக் கடை எரிந்தது. லண்டன் வீதியில் சின்னச் சின்னக் கடைகளும் போயின. எங்களோடு வேலை செய்த தமிழ்ப் பெடியன் ஒருவன், "அண்ணை, இது எண்பத்திமூண்டு மாதிரியே கிடக்கு" என்றான். அவன் அப்போது பிறக்கவும் இல்லை.

"இல்லைத் தம்பி. இவங்களிட்டைப் பட்டியல் இல்லை" என்றேன்.

1983 யூலை 25உம் திங்கட்கிழமைதான். கொழும்பில் தமிழரின் வீடு எது, கடை எது என்று பார்க்கக் கலவரக்காரர் வாக்காளர் பட்டியலோடு வந்தார்கள். புறக்கோட்டையில் பெரியப்பாவின் புடவைக்கடை எரியும்போது பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. நான் சிறுவன். பிறகு அகதி முகாம், பிறகு காங்கேசன்துறைக்குக் கப்பல். குரோய்டனில் சட்டரை வளைத்தவர்கள் என் பெயரைக் கேட்கவில்லை, எந்தச் சாதிசனம் என்று கேட்கவில்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுபவர்களோடு எனக்கு இன்றும் உடன்பாடில்லை.

அடுத்த கிழமைகளில் பொலிசார் கமராப் பதிவுகளோடு வந்தார்கள். தெரிந்த முகம் இருக்கிறதா என்று கேட்டார்கள். நீதிமன்றங்கள் விடியவிடிய நடந்துகொண்டிருந்த காலம். மூன்றரைப் பவுண் பெறுமதியான தண்ணீர்ப் போத்தல்களை எடுத்த மாணவன் ஒருவனுக்கு ஆறு மாதச் சிறை விதித்தார்கள். அது நீதியல்ல, பழிவாங்கல். நான் முன்பு வாசலில் மறித்த அந்தப் பெடியனுக்கும் அப்படித்தான் விழும் என்று தெரிந்துகொண்டே திரையில் அவனைக் காட்டினேன். எங்கள் வேலையாட்களில் சிலர் அதற்குப் பிறகு என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. தண்டனை எவ்வளவு என்பது நீதவானின் பொறுப்பு, அதில் தவறினால் அவரைக் கேட்கவேண்டும். ஆனால் யார் செய்தது என்று ஒரு அரசு கேட்கும்போது, கண்டவன் வாய்திறக்கத்தான் வேண்டும்.

பெரியப்பாவின் கடைக்குள் புகுந்தவர்களில் இரண்டு பேரை அவருக்கு நன்றாகத் தெரியும். ஒருவன் பக்கத்துக் கடையில் மூட்டை தூக்கியவன், மற்றவன் அவரிடம் கடனுக்குத் துணி வாங்கியவன். யாழ்ப்பாணத்தில் அவர் சாகும்வரைக்கும், வருகிறவர்களிடமெல்லாம் அந்த இரண்டு பெயர்களையும் சொல்லிக்கொண்டிருந்தார். எழுதி எடுக்க ஒரு பொலிஸ்காரரும் வரவில்லை.