லூபின் சாரும் பௌர்ணமிக் கணக்கும்

முன்னெச்சரிக்கை: ஹாரி பாட்டர் ஏழு புத்தகங்களின் முடிச்சுகளையும் கீழே அவிழ்த்துப் போட்டிருக்கிறேன். இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். கடைசிப் புத்தகமே 2007-ல் வந்துவிட்டது, இதற்குமேல் என்னால் பொத்திவைக்க முடியாது :-)

ஓநாய் மனிதன் கதைகளுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. நல்லவன் ஒருவனை ஓநாய் கடிக்கும். பௌர்ணமி வந்தால் ரோமம் முளைக்கும். யாரையாவது கொல்வான். மறுநாள் காலையில் அதை நினைத்து அழுவான். கடைசியில் வெள்ளியால் ஆன ஏதாவது ஒன்றால் அவன் கதையை முடிப்பார்கள். 1941-ல் வந்த 'தி வுல்ஃப் மேன்' படத்தில் லாரி டால்பட்டுக்கு ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. வெள்ளிப் பிடி போட்ட கைத்தடியால் அவனை அடித்துக் கொல்வது அவனுடைய அப்பாவேதான்.

ரௌலிங் இந்த வாய்ப்பாட்டில் ஒரு முக்கியமான வரியை அடித்துவிட்டார். ரீமஸ் லூபின் யாரையும் கடித்ததாக ஏழு புத்தகத்திலும் ஒரு இடம்கூட இல்லை. ஆனாலும் அந்த உலகத்தில் அவர் அளவுக்குக் குற்றவுணர்ச்சியில் கூனிக் குறுகிய ஆள் வேறு யாரும் இல்லை. (ஸ்நேப் ரசிகர்கள் சண்டைக்கு வரவேண்டாம், ஸ்நேப் கணக்கு வேறு.)

அவருக்கு இந்தச் சாபம் வந்ததே இன்னொருவர் பேச்சால். அப்பா ஃபென்ரிர் கிரேபேக் என்ற ஓநாய் மனிதனைச் சீண்டிவிட, அவன் பழி தீர்த்துக்கொண்டது சின்னப் பையன் மேல். அப்படிப்பட்ட பையனை எந்தப் பள்ளிக்கூடமும் சேர்க்காது. டம்பிள்டோர் சேர்த்துக்கொண்டார். அவனுக்காகவே ஒரு அடிக்கிற மரத்தை நட்டு, அதன் அடியில் சுரங்கப்பாதை வைத்து, ஊருக்கு வெளியே ஒரு பாழடைந்த வீட்டுக்குள் மாதம் ஒருமுறை அடைத்துவைக்க ஏற்பாடு செய்தார்.

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. ஜேம்ஸ், சிரியஸ், பீட்டர் என்று மூன்று நண்பர்கள் கிடைக்கிறார்கள். உண்மை தெரிந்தும் ஓடவில்லை. அவனுக்குத் துணையிருக்க வேண்டும் என்பதற்காகவே, சட்டவிரோதமாக, மிருகமாக உருமாறக் கற்றுக்கொள்கிறார்கள். பிறகு பௌர்ணமி இரவுகளில் பூட்டிய வீட்டைவிட்டு நான்கு பேருமாக வெளியே சுற்றுகிறார்கள். பக்கத்திலேயே ஊர் இருக்கிறது. மயிரிழையில் தப்பிய சந்தர்ப்பங்கள் பல என்று லூபினே பின்னாளில் ஒப்புக்கொள்கிறார். நம்பிச் சேர்த்துக்கொண்ட டம்பிள்டோருக்குத் துரோகம் செய்கிறோமே என்று உறுத்தும். அடுத்த பௌர்ணமிக்குத் திட்டம் போட உட்கார்ந்ததும் அந்த உறுத்தல் காணாமல் போய்விடும்.

நான் படிப்பது வணிகவியல் என்பதால் எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது: லூபின் தப்பான பேரேட்டில் பதிவு போடும் மனுஷன். ஓநாயாகப் பிறந்துவிட்டது போல, தான் வாங்காத கடனுக்கு ஆயுசு முழுக்க வட்டி கட்டுகிறார். உண்மையிலேயே வாங்கிய கடனை மட்டும் ஏட்டில் ஏற்றவே மாட்டார்.

மூன்றாவது புத்தகத்தைப் பாருங்கள் (1999). சிரியஸ் பிளாக் சிறையிலிருந்து தப்பிவிட்டான், ஹாரியைக் கொல்ல வருகிறான் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அப்போது ஆசிரியராக இருக்கும் லூபினும் நம்புகிறார். சிரியஸ் நாயாக மாறக்கூடியவன் என்பது அவருக்குத் தெரியும். அவனால் பள்ளிக்குள் நுழைய முடிவதற்கு அதுதான் காரணமாக இருக்கலாம். ஒரு வாக்கியம் டம்பிள்டோரிடம் சொன்னால் போதும். வருஷம் முழுக்கச் சொல்லவில்லை. சொன்னால் பழைய இரவு ஊர்சுற்றலையும் சொல்லவேண்டி வரும், டம்பிள்டோர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் நல்ல அபிப்பிராயம் போய்விடும். சிரியஸ் ஏதோ தீய மந்திரத்தால்தான் நுழைகிறான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறார். சிரியஸ் நிரபராதி என்று பிறகு தெரிந்தது ஹாரியின் அதிர்ஷ்டம். அவன் நிஜமாகவே கொலைகாரனாக இருந்திருந்தால்?

இதைக் கோழைத்தனம் என்று ஒரே வார்த்தையில் முடிக்க எனக்கு மனசு வரவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு மனிதர்தான் கதவைத் திறந்துவிட்டார் என்றால், அவர் முகம் கோணுமே என்ற பயம் சாதாரணப் பயம் இல்லை. ஜேம்ஸும் சிரியஸும் ஸ்நேப்பை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தும்போது, மாணவர் தலைவன் பேட்ஜ் வாங்கிய லூபின் புத்தகத்திலிருந்து தலை நிமிராமல் உட்கார்ந்திருந்ததும் இதே பயத்தால்தான். கிடைத்த நண்பர்கள் கைவிட்டுப் போனால் வேறு யார் வருவார்கள்?

ஓநாய் சாபம் என்பது எய்ட்ஸ் மாதிரி சமூகம் ஒதுக்கிவைக்கும் நோய்களுக்கு ஓர் உருவகம் என்று ரௌலிங்கே 2016-ல் வந்த ஒரு சின்ன மின்னூலில் எழுதியிருக்கிறார். வேலை கிடைக்காதது, ஒட்டுப்போட்ட அங்கி, அம்ப்ரிட்ஜ் கொண்டுவந்த சட்டம் எல்லாம் அதற்குப் பொருந்துகின்றன. ஆனால் வேண்டுமென்றே குழந்தைகளைத் தேடிப்போய்க் கடிக்கும் கிரேபேக்கை அந்த உருவகத்தில் எங்கே வைப்பது? என்னைக் கேட்டால் அங்கே அது நொண்டுகிறது. நோயாளிகளைப் பற்றி ஊர் கட்டிவிடும் மோசமான வதந்திக்கு உடம்பு முளைத்த மாதிரி இருக்கிறான் அவன்.

நிற்க. மறுபடி லூபினிடம் வருவோம். ஓநாயாக மாறினாலும் புத்தி பேதலிக்காமல் காக்கும் கஷாயத்தை அவருக்குக் காய்ச்சிக் கொடுப்பது ஸ்நேப். முக்கியமான அந்த இரவில் லூபின் அதைக் குடிக்காமலே ஓடிவிடுகிறார். நிலா மேகத்தைவிட்டு வெளியே வருகிறது, அவர் உருமாறுகிறார், அந்தக் குழப்பத்தில் நிஜத் துரோகி பீட்டர் தப்பிக்கிறான். சிரியஸ் நிரபராதி என்று நிரூபிக்க இருந்த ஒரே வழியும் அவனோடு போய்விடுகிறது. மறுநாள் வேலையை விட்டுப் போகும்போது லூபின் சொல்லும் காரணம், தான் மாணவர்களைக் கடித்திருக்கக்கூடும் என்பது. முதன்முறையாகச் சரியான கணக்கில் சரியான தொகை!

ஆனால் பழக்கம் விடவில்லை. டோங்க்ஸ் அவரைக் காதலிக்கும்போது வயசு, வறுமை, ஆபத்து என்று மூன்று காரணம் சொல்லி ஒதுங்குகிறார். கல்யாணம் ஆகி அவள் கர்ப்பமானதும், குழந்தையும் தன்னைப் போலவே பிறந்துவிடுமோ என்று கதிகலங்கி, ஹாரியோடு சாகசத்துக்கு வருகிறேன் என்று வந்து நிற்கிறார். கேட்பதற்குத் தியாகம் மாதிரி இருக்கும். அப்பா அம்மா இல்லாமல் வளர்ந்த பதினேழு வயசுப் பையனுக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. மூஞ்சிக்கு நேராகவே கோழை என்கிறான். லூபின் மந்திரக்கோலை எடுத்து அவனைச் சுவரில் மோத வைத்துவிட்டுக் கிளம்பிப் போகிறார். ஏழு புத்தகத்தில் அவர் ஒரு மாணவன் மேல் கைவைத்தது எனக்குத் தெரிந்து அந்த ஒருமுறைதான், அதுவும் ஓநாயாக இல்லாதபோது.

போனவர் மனைவியிடம் திரும்பிவிட்டார். சில மாதம் கழித்து, காற்று அடிக்கும் ஒரு ராத்திரியில் கடலோர வீட்டுக் கதவைத் தட்டுகிறார். பையன் பிறந்திருக்கிறான், டெட்டி என்று பெயர். ஓநாய்க்கான அறிகுறி எதுவும் இல்லை. அம்மா மாதிரி தலைமுடி நிறம்தான் மாறிக்கொண்டிருக்கிறது, பிறந்தபோது கறுப்பு, ஒரு மணி நேரத்தில் செம்பட்டை என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். பிறகு தன்னைக் கோழை என்று சொன்ன அதே ஹாரியிடம், நீதான் ஞானத்தகப்பனாக இருக்கவேண்டும் என்று கேட்கிறார்.