மடிய மறுத்த இருக்கை



இந்தக் கையேட்டின் மற்றப் பக்கங்களிலே வினாக்களும் விடைகளும் நிறைந்திருக்கின்றன. இந்த ஓரிரு பக்கங்களை மட்டும் சற்று ஆறுதலாக வாசியுங்கள். நான் தமிழும் வரலாறும் கற்பிப்பவள், கலைப் பட்டதாரி. வானின் பின்இருக்கையைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனாலும் நான் சொல்லப்போவது இருக்கையைப் பற்றி மட்டுமல்ல. ஒரு வினா உங்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நகரவிடாதபோது என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியுமாகும்.

முதலில் அந்த இருக்கை எவ்வாறு இயங்குகிறது என்பதை விளங்கிக்கொள்ளுங்கள். பெரிய வான்களின் கடைசி வரிசை இருக்கையிலே சாய்மானத்தை முன்பக்கமாக மடித்தால் பொருட்கள் வைக்க இடம் கிடைக்கும். சாய்மானத்தின் இரு பக்கங்களிலும் உள்ளே ஒவ்வொரு கொளுக்கி உண்டு. ஒவ்வொன்றும் வாகனத்தின் உடலோடு பொருத்தப்பட்ட இரும்புத் தண்டு ஒன்றைக் கவ்விப் பிடித்திருக்கும். கொளுக்கி தானாகத் திறக்காதபடி ஒரு சுருள்வில் அதைத் தள்ளிக்கொண்டிருக்கும். நீங்கள் பிடியை இழுக்கும்போது இரண்டு கம்பிகள் இரு பக்கக் கொளுக்கிகளையும் ஒரே நேரத்தில் பின்னிழுக்கின்றன. இரண்டும் திறந்தால்தான் சாய்மானம் மடியும். ஒன்று திறந்து மற்றது திறக்காவிட்டால் முழு இருக்கையும் இறுகியது போலவே தோன்றும்.

உறைக்குள்ளே ஓடும் இத்தகைய கம்பி உங்களுக்குப் புதியதன்று. துவிச்சக்கரவண்டியின் பிறேக் கம்பியும் இதே வகையானதே. 1896 ஆம் ஆண்டு ஏர்னெஸ்ட் மொனிங்ரன் போடன் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதனால் 'போடன் கம்பி' என்று அவர் பெயராலேயே இன்றும் இதனை அழைப்பர்.

இனிச் சம்பவத்துக்கு வருவோம். 2023 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இடுப்பெலும்பு முறிந்து சத்திரசிகிச்சை செய்துகொண்ட என் அம்மம்மாவை யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு அழைத்து வரவேண்டியிருந்தது. அவருக்காக நாங்கள் இரவல் வாங்கிய சக்கர நாற்காலி மடிக்க முடியாதது. அதை ஏற்ற வேண்டுமானால் மாமாவின் வானிலே கடைசி இருக்கை மடிய வேண்டும். அந்த வான்தான் மாமாவின் பிழைப்பு. கிழமை நாட்களில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவார். அன்று கராஜ் எல்லாம் பூட்டு. வேறு வான் பிடிக்க அவர் கையிலே காசும் இல்லை. பத்து மணிக்கு வைத்தியசாலையில் நிற்க வேண்டும். இருக்கையோ அசையவில்லை.

"துருப்பிடிச்சு இறுகிப் போச்சுது. பலமா ஒருக்கா இழுத்தால் சரி" என்று மாமா பிடியைப் பற்றினார்.

இந்த இடத்திலே ஒரு சிறு கணக்குச் செய்து பாருங்கள். பிடி ஒரு நெம்பு. கை பிடிக்கும் இடம் பொறுதியிலிருந்து 10 சென்ரிமீற்றர் தூரத்திலும், கம்பி பூட்டப்பட்ட இடம் 2 சென்ரிமீற்றர் தூரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். கையால் 50 நியூற்றன் எத்தனம் கொடுத்தால் கம்பியிலே 250 நியூற்றன் விசை உண்டாகும். 200 நியூற்றன் கொடுத்தால் கம்பியில் 1000 நியூற்றன்! இறுகிய கொளுக்கி அப்படியே இருக்க, கம்பிதான் அறுந்துபோகும். கம்பி அறுந்தால் அந்த இருக்கையைத் திறப்பதற்கு வழியே அருகிவிடும்.

மாமாவின் கடைசி மகள் அப்போது தரம் 11 இல் படித்துக்கொண்டிருந்தாள். தவணைப் பரீட்சையிலே விஞ்ஞானத்துக்குச் சாதாரண சித்திகூட அவளுக்குக் கிடைத்திருக்கவில்லை. "எனக்கு உந்தப் பாடம் ஏறாது" என்று அடிக்கடி சொல்லிக்கொள்வாள். வான் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், "அப்பா, இழுக்காதேங்கோ! இடப்பக்கம் ஒரு விரலளவு முன்னுக்கு வருது. வலப்பக்கம்தான் அசையேல்லை" என்றாள்.

இந்த ஒரு வசனத்தால் பிரச்சினை பாதியாகக் குறைந்தது. "இருக்கை இறுகிவிட்டது" என்பது புலம்பல். "வலப்பக்கக் கொளுக்கி திறக்கவில்லை" என்பது அவதானம்.

அடுத்து அவள் என்னிடம், "மச்சாள், நீங்கள் பிடியை மெல்ல இழுத்துக்கொண்டு நில்லுங்கோ, நான் உள்ளுக்குப் பாக்கிறன்" என்றாள். பிடி லேசாக ஆடினால் கம்பி அறுந்திருக்கலாம், அல்லது அதன் உறை தாங்கியிலிருந்து நழுவியிருக்கலாம். எங்கள் கையிலோ பிடி விறைப்பாகவே இருந்தது. ஆகவே கம்பியிலே குறையில்லை. பிளாஸ்ரிக் மூடியின் இரண்டு திருகாணிகளைக் கழற்றி, ரோச் லைற் அடித்துப் பார்த்தாள். கொளுக்கி மயிரிழையளவு அசைந்து நின்றுவிட்டது. அது பின்வாங்க வேண்டிய இடைவெளியிலே ஒரு அழிறப்பர்த் துண்டு செருகியிருந்தது! அதைச் சுற்றிப் பழைய கிறீசும் கடற்கரை மணலும் சேர்ந்து களிபோல இறுகிக் கிடந்தன. விளிம்பிலே துருவும் இருந்தது. இரும்பு துருப்பிடிக்க நீரும் ஒட்சிசனும் வேண்டும். உப்பு அதை விரைவாக்கும். உண்டாகும் துரு, அழிந்த இரும்பைவிடக் கூடிய இடத்தை அடைப்பதால் நெருக்கமான பாகங்கள் மேலும் இறுகும். கடலோர ஊரவர்களான எங்களுக்கு இது அன்றாட அனுபவம்.

ஆனால் அழிறப்பரை வெளியே எடுக்க முடியவில்லை. சாய்மானம் முன்னோக்கித் தள்ள, தண்டு கொளுக்கியை அழுத்திக்கொண்டிருந்தது. அப்போது அவள் சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது. "அப்பா, சீற்றைப் பின்னுக்குத் தள்ளிப் பிடியுங்கோ."

முன்னே மடிய வேண்டியதை ஏன் பின்னே தள்ள வேண்டும்? நீங்கள் படித்ததை நினைவுகூருங்கள். எல்லை உராய்வு விசை செவ்வன் மறுதாக்கத்தில் தங்கியுள்ளது. பின்னே தள்ளினால் தண்டுக்கும் கொளுக்கிக்கும் இடையேயான அழுத்தம் குறையும். அதனால் உராய்வும் குறையும். மாமா தோளால் முட்டுக்கொடுத்தார். அவள் கூர்மூக்குக் குறட்டால் அழிறப்பரை இழுத்தெடுத்தாள். மண்ணெண்ணெயில் தோய்த்த பழைய பற்தூரிகையால் அந்தக் களியைத் தேய்த்து நீக்கினாள். ஆசனப்பட்டியிலே எண்ணெய் படாதபடி அதனைத் துணியால் மூடியும் வைத்தாள். பிறகு நான் பிடியை இழுக்க, 'டக்' என்ற சத்தத்துடன் சாய்மானம் முன்னே சரிந்தது.

மாமா உடனே புறப்பட ஆயத்தமானார். மகள் விடவில்லை. "திறந்தால் போதுமே? திங்கட்கிழமை பிள்ளைகள் இதிலைதானே சாயப்போகினம். பூட்டுதோ எண்டும் பாக்கவேணும்."

அவள் விரலை உள்ளே விடவில்லை. வில்லின் விசையால் கொளுக்கி சட்டென்று மூடினால் விரல் காயப்படும். தண்டுக்குப் பதிலாக ஒரு ஸ்குறூ டிறைவரைக் கொளுக்கிக்குள் வைத்து அழுத்தினாள், அது கவ்விக்கொண்டது. பிடியை இழுத்தாள், விட்டது. மூன்று தடவை சோதித்தாள். பின்பு இருக்கையை நிமிர்த்தி, இரு பக்கமும் பூட்டிய சத்தத்தைக் கேட்டு, சாய்மானத்தைப் பலமாக ஆட்டிப் பார்த்தாள். சரியாகப் பூட்டாத சாய்மானம், திடீரென்று பிறேக் போடும்போது பிள்ளைகளோடு முன்னே சரிந்துவிடும். அது மடியாத இருக்கையைவிடப் பெரிய ஆபத்து.

மாமா ஒன்றும் பேசவில்லை. கிறீஸ் டப்பாவை எடுத்து அவளிடம் நீட்டி, "இந்தா, நீயே பூசு" என்றார். முக்கால் மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. பத்து மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போதே வைத்தியசாலை வாசலில் நின்றோம்.

அன்றிரவு அவளுடைய தவணை வினாத்தாளை வாங்கிப் பார்த்தேன். உராய்வைப் பற்றிய வினாவுக்கு ஒரு சொல்லும் எழுதாமல் விட்டிருந்தாள். "செவ்வன் மறுதாக்கம் எண்ட சொல்லைக் கண்டவுடனை பயந்திட்டன்" என்றாள். காலையிலே தன் கையால் செய்துகாட்டிய விடயத்தைத்தான் அந்த வினா கேட்டிருந்தது! ஆறு வரியில் எழுதச் சொன்னேன், எழுதினாள். அறிவு இல்லாததால் அல்ல, சொல்லுக்கு அஞ்சியதால்தான் அவள் புள்ளிகளை இழந்திருந்தாள்.

மாணவர்களே, பரீட்சை மண்டபத்தில் ஒரு வினா திறக்க மறுத்தால் பலத்தால் இழுக்காதீர்கள். எந்தப் பகுதி விளங்குகிறது, எந்தப் பகுதி விளங்கவில்லை என்று முதலில் பிரித்துப் பாருங்கள். தரவுகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். முன்னே செல்ல வழியில்லையென்றால் கேட்கப்பட்டதிலிருந்து பின்னோக்கி வந்து பாருங்கள். விடை கிடைத்த பின்னும் அது சரியாகப் 'பூட்டுகிறதா' என்று அலகுகளையும் கணிப்பையும் மீளவும் பாருங்கள்.

இப்போது ஒரு சிறு பயிற்சி. இன்று மாலை உங்கள் வீட்டுத் துவிச்சக்கரவண்டியின் முன்பிறேக்கை மெதுவாகப் பிடித்துவிட்டு, எந்தெந்தப் பாகம் எந்த ஒழுங்கில் அசைகிறது என்று பாருங்கள். நெம்பு, எத்தனம், சுமை, பொறுதி, உராய்வு ஆகிய ஐந்து சொற்களும் வரும்படி ஆறு வரி எழுதுங்கள். புத்தகத்தைத் திறக்காமல் எழுதுங்கள்.